சோப்பும் நீருமா, சானிடைசரா? – கை கழுவுதல் பற்றிய ஒரு பாடம்



2020 ஆம் ஆண்டில் பரவிய கொரோனாப் பெருந்தொற்றுக்கு முன்னர் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் மட்டுமே பெரிதும் காணப்பட்ட சானிடைசர் என்னும் நீர்மம், இன்று நம் இல்லங்களிலும், கடைகளிலும், திருமண மண்டபங்களிலும், பள்ளிகளிலும் இடம் பெற்றுவிட்டது. பெருந்தொற்று தணிந்த பின்னரும் அது விடைபெற்றுச் செல்லவில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. ஆயின், அது வந்து அமர்ந்த சில இடங்களில் குழாயடியிலிருந்த சோப்பு காணாமற் போய்விட்டது. "மருந்து தேய்த்துக்கொண்டேன், கை சுத்தமாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு, மைதானத்துப் புழுதி படிந்த கையோடு உணவுத் தட்டின்முன் அமரும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறேன். கையால் பிசைந்து, கையால் எடுத்து உண்ணும் நமக்கு இது சிறு செய்தியன்று. ஆதலின் இவ்விரண்டும் எவ்வாறு செயற்படுகின்றன, எது எங்கே பயன்படும், எது எங்கே பயன்படாது என்பதைப் பாடமுறையில் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் சோப்பு. எண்ணெய் அல்லது கொழுப்புடன் காரப்பொருளைச் சேர்த்து ஆக்கப்படுவது சோப்பு என்பது உயர்நிலைப் பள்ளிப் பாடம். அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை விரும்பும். மற்றொரு முனை நீரை வெறுத்து எண்ணெயை நாடும். நம் தோலில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அழுக்கும் நோய்க்கிருமிகளும் அப்பசையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெறும் நீரை ஊற்றினால் அது பசையின் மேல் வழிந்து ஓடிவிடும். எண்ணெய் படிந்த வாணலியை நீரால் மட்டும் அலசிப் பார்த்த எவரும் இதனை அறிவர். சோப்பு மூலக்கூறுகளோ தம் எண்ணெய் நாடும் முனைகளால் அப்பசையைச் சூழ்ந்து பற்றி, சிறுசிறு உருண்டைகளாக்கி, நீரை விரும்பும் முனைகளால் நீரோடு சேர்த்து இழுத்துச் சென்றுவிடுகின்றன. கொரோனா, இன்புளுயன்சா போன்ற வைரசுகளுக்குக் கொழுப்பாலான மேலுறை ஒன்று உண்டு. சோப்பு அவ்வுறையையும் சிதைத்துவிடுகிறது. ஆனால் சோப்பின் முதன்மையான பணி கொல்லுதல் அன்று, அகற்றுதல். உயிரோடு இருப்பினும் இல்லாவிடினும் கையை விட்டுக் கிருமி போய்விடுகிறது. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

அடுத்துச் சானிடைசர். கடையில் எப்பெயரில் விற்கப்பட்டாலும் அதன் உயிர்ப்பொருள் எத்தில் ஆல்கஹால் அல்லது ஐசோபுரோப்பில் ஆல்கஹால் ஆகும். தோல் வறண்டுவிடாதிருக்கச் சிறிது கிளிசரின் சேர்ப்பர். ஆல்கஹால் கிருமியின் புரதங்களை உருக்குலைக்கிறது. காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் பால் திரிந்துபோகிறது அன்றோ? புரதம் தன் வடிவத்தை இழந்து கட்டிப்படுவதே அங்கும் நிகழ்வது. திரிந்த பால் மீண்டும் பாலாகாதது போல, உருக்குலைந்த கிருமியும் மீண்டும் செயற்படாது.

இங்கே ஒரு வினா எழும். ஆல்கஹால் கூடக்கூட ஆற்றலும் கூடுமா? கூடாது. புரதம் உருக்குலைவதற்கு ஓரளவு நீரும் வேண்டும். நூறு விழுக்காடு ஆல்கஹாலைவிட, நீர் கலந்ததே நன்கு வேலை செய்யும். 60 விழுக்காட்டிற்குக் குறைந்தாலோ ஆற்றல் தேய்ந்துவிடும். ஆகவே 60 முதல் 95 விழுக்காடு வரை என்று வரம்பு வகுத்துள்ளனர். மருத்துவமனைகள் தாமே தயாரித்துக்கொள்வதற்கென உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட இரண்டு கலவை முறைகளுள் ஒன்றில் எத்தனால் 80 விழுக்காடும், மற்றொன்றில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் 75 விழுக்காடும் உள்ளன. புட்டியை வாங்கும்போது முகப்பிலுள்ள படத்தையும் மணத்தின் பெயரையும் விட்டுவிட்டு, பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள இந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். எண் அச்சிடப்படாத புட்டியை வாங்காதீர்.

இப்போது குறைகளுக்கு வருவோம். கொல்லுவது சானிடைசரின் வேலை. அகற்றுவது அதன் வேலையன்று. தேய்த்துக்கொண்ட நீர்மம் ஆவியாகிவிடும். கையில் இருந்தவை கையிலேயே இருக்கும். சேறும் எண்ணெயும் படிந்த கையில் ஆல்கஹால் அடியிலுள்ள கிருமியைச் சரிவரச் சென்றடையாது. வயலில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வருபவர் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டால் மருந்தின் நஞ்சு கையை விட்டு நீங்காது. நம் வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் பயிரிடுவோர் இதனை அவசியம் அறிதல் வேண்டும். இவையன்றி, ஆல்கஹாலுக்குக் கட்டுப்படாத நோய்க்காரணிகளும் பல உள. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரசுக்குக் கொழுப்புறை இல்லை. ஆல்கஹால் அதனை எளிதில் அழிப்பதில்லை. சில பாக்டீரியாக்கள் விதைபோல் உறங்கும் வித்துகளாக மாறிக் கிடக்கும், அவையும் அழிவதில்லை. குழந்தைகளை இரவெல்லாம் உறங்கவிடாமல் அரிப்பெடுக்கச் செய்யும் கீரிப்பூச்சியின் முட்டைகள் நகக்கண்களில் தங்கியிருக்கும். அவற்றைச் சோப்பும் நீரும் நகவெட்டியும்தான் அகற்றும். சுருங்கக் கூறின், வயிற்றைப் பற்றும் நோய்கள் பலவற்றில் சானிடைசர் நம்பத்தக்க துணையன்று. கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும் உணவுக்கு முன்னும் அதனை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடன்று.

அவ்வாறாயின் மருத்துவர்களும் செவிலியர்களும் அதனையே நாளெல்லாம் பயன்படுத்துவது ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பணிபுரிந்தனர். 1846 ஆம் ஆண்டில் முதற்பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மார்களுள் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் பேற்றுக்காய்ச்சலால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. கற்றவர் கையில் சாவு மிகுந்ததேன் என்று அங்கே உதவி மருத்துவராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் கலங்கினார். 1847 மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பரான கொலெட்சுகா என்னும் பேராசிரியர், பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமுற்று, அத்தாய்மார்களுக்கு ஏற்பட்டதை ஒத்த நோய்க்குறிகளுடன் மாண்டார். பிணவறையிலிருந்து மகப்பேற்று அறைக்கு நேரே செல்லும் கைகளே நோயைச் சுமந்து செல்கின்றன என்று செம்மல்வைஸ் தெளிந்தார். அக்கைகள் கழுவப்படாதவையல்ல, சோப்பால் கழுவப்பட்டவையே. ஆயினும் பிணவாடை நீங்காதிருந்ததை அவர் கவனித்தார். ஆகவே நாம் பிளீச்சிங் பவுடர் என்று கூறும் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கைகளைத் தேய்த்துக் கழுவவேண்டும் என்று 1847 மே மாத நடுவில் விதித்தார். ஏப்ரல் மாதத்தில் 18 விழுக்காட்டிற்கு மேல் இருந்த இறப்பு, சூன் மாதத்தில் 2.2 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வளவு தெளிவான சான்று இருந்தும், தம் கையே நோயாளியைக் கொல்கிறது என்பதை ஏற்க அக்கால மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. அவர் 1865 இல் மனநோய் விடுதியொன்றில் இறந்தார்.

மருத்துவமனையில் கை, காண்பதற்குத் தூய்மையாகவே இருக்கும். அங்கே அழுக்கைவிட அழிக்கப்படவேண்டிய கிருமியே பகை. மேலும் ஒரு செவிலியர் ஒரு மணி நேரத்தில் பலமுறை கையைத் தூய்மை செய்யவேண்டியுள்ளது. ஒவ்வொரு முறையும் குழாயடிக்குச் சென்று, கழுவி, உலர்த்தித் திரும்ப நேரம் ஏது? சுவிட்சர்லாந்தின் செனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் திதியே பித்தே என்னும் மருத்துவர் இவ்விடரை உணர்ந்து, ஆல்கஹால் நீர்மத்தை நோயாளியின் கட்டிலருகிலேயே வைக்கச் செய்தார். 1994 இல் 48 விழுக்காடாக இருந்த கைத்தூய்மைக் கடைப்பிடிப்பு 1997 இல் 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனையில் தொற்றும் நோய்களும் குறைந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இவ்வழியையே கொண்டன. ஆனால் அந்நெறிமுறைகளே, கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலும், கழிப்பறைக்குச் சென்று வந்தாலும் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக என்றுதான் கூறுகின்றன. இவ்விதிவிலக்கைச் சொல்லாமல் முதற்பகுதியை மட்டும் விளம்பரங்கள் எடுத்துக்கொண்டன.

இல்லங்களைப் பொறுத்தவரை நான் மிகவும் மதிக்கும் ஆய்வு கராச்சி நகரின் குடிசைப் பகுதிகளில் 2002, 2003 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. அதன் முடிவுகள் 2005 இல் லான்செட் இதழில் வெளியாயின. ஏறத்தாழ 600 குடும்பங்களுக்குச் சோப்பு வழங்கப்பட்டது. களப்பணியாளர்கள் வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று எப்போது, எவ்வாறு கழுவவேண்டும் என்று கற்பித்தனர். பாதிக் குடும்பங்களுக்குச் சாதாரணச் சோப்பு. மறுபாதிக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பு. ஏறத்தாழ 300 குடும்பங்கள் ஒப்பீட்டிற்காக வழக்கம்போல் விடப்பட்டன. ஓராண்டின் முடிவில், சோப்பு பெற்ற குடும்பங்களில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்திருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நிமோனியாக் காய்ச்சலும் பாதியளவு குறைந்திருந்தது. கை கழுவினால் வயிற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்த்ததே; மார்புச்சளி நோயும் குறைந்ததே வியப்பு. அதனினும் நமக்குப் பயனுடைய செய்தி, சாதாரணச் சோப்புக்கும் கிருமிநாசினிச் சோப்புக்கும் வேறுபாடே காணப்படவில்லை என்பது. அமெரிக்க அரசின் உணவு மருந்து நிறுவனம் 2016 இல் டிரைகுளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்களைப் பொதுமக்கள் பயன்படுத்தும் கை கழுவும் சோப்புகளில் சேர்க்கலாகாது எனத் தடுத்ததும், சாதாரணச் சோப்பைவிட அவை மேலானவை என்று உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பதனாலேயே. ஆகவே விலை மிகுந்த கிருமிநாசினிச் சோப்பை வாங்கும் பணத்தில் சாதாரணச் சோப்பு இரண்டு வாங்குங்கள்.

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் பணியாற்றிய காலத்தில், மாணவ ஆசிரியர்களுக்கு இப்பாடத்திற்கென ஒரு செயல்விளக்கம் சொல்லித் தருவது வழக்கம். சானிடைசரை அதில் பின்னர்ச் சேர்த்துக்கொண்டேன். இன்றும் எந்த வகுப்பறையிலும் செய்யலாம். தேங்காயெண்ணெயில் அடுப்புக்கரித் தூளைக் குழைத்துக்கொள்க. மூன்று மாணவர்களின் இரு கைகளிலும் மணிக்கட்டு வரை பூசுக. முதலாமவன் வெறும் நீரில் கழுவட்டும். இரண்டாமவன் சானிடைசரைத் தேய்க்கட்டும். மூன்றாமவன் சோப்பு போட்டுக் கழுவட்டும். முதலாமவன் கையில் நீர் முத்துமுத்தாய் உருண்டோடும், கரி அப்படியே நிற்கும். இரண்டாமவன் கையில் கரி கலங்கி, இல்லாத இடத்திற்கும் பரவும். மூன்றாமவன் கைதான் வெளுக்கும். அதுவும் முழுமையாக வெளுக்காது என்பதுதான் பாடத்தின் சுவையான பகுதி. கட்டைவிரலின் அடி, விரல் நுனிகள், விரலிடுக்குகள், நகக்கண்கள் ஆகிய இடங்களில் கரி எஞ்சி நிற்கும். "கழுவிவிட்டேன் டீச்சர்" என்று பெருமையுடன் கையை நீட்டிய மாணவன் தன் கட்டைவிரலைத் தானே பார்த்து வியப்பான். பிறகு, கட்டைவிரலை மறுகையால் பொத்திச் சுழற்றுதல், விரல் நுனிகளை உள்ளங்கையில் தேய்த்தல், விரல்களைக் கோத்துத் தேய்த்தல் என்பனவற்றை அவனே கண்டுபிடித்துவிடுவான். கட்டளையிட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை.

தட்டில் நீரூற்றி மிளகுத்தூள் தூவி, சோப்பு தோய்ந்த விரலை வைத்தவுடன் மிளகு விலகி ஓடுவதைக் காட்டி, "கிருமிகள் சோப்பைக் கண்டு ஓடுகின்றன" என்று சில ஆசிரியர்கள் விளக்குகின்றனர். பார்க்க வேடிக்கையாயிருக்கும்; ஆனால் அது நீரின் பரப்பு இழுவிசை பற்றிய சோதனையேயன்றிக் கிருமி பற்றியதன்று. விரலை வைத்தாலே போதும், தேய்க்க வேண்டியதில்லை என்ற தவறான எண்ணத்தையும் அது குழந்தைகள் மனத்தில் விதைத்துவிடும்.

நேரம் பற்றி இரண்டொரு சொல். சோப்பு நுரைத்த பின் 20 விநாடியாவது தேய்த்தல் வேண்டும். ஒன்று முதல் இருபது வரை நிதானமாய் எண்ணச் செய்யலாம். வெந்நீர் தேவையில்லை, குளிர்ந்த நீரே போதும். தேய்க்கும்போது குழாயை மூடிவிடுக. நீரை வீணாக்காமல் அரைச் செம்பு நீரில் ஒருவர் கையைக் கழுவி முடித்துவிடலாம். கழுவிய கையை உலர்த்துதலும் முறையின் ஒரு பகுதியே, ஈரக்கையில் கிருமி எளிதில் ஏறும், எளிதில் பரவும். நம் பெண்கள் சமையலறையில் நாள் முழுதும் முந்தானையிலேயே கை துடைப்பதை எத்தனை முறை சொன்னாலும் விடுவதில்லை! தோய்த்து உலர்த்திய சிறு துணி ஒன்று போதும்.

சானிடைசர் பயன்படுத்த நேரும்போது இரண்டு சொட்டு போதாது. குழித்த உள்ளங்கையில் கொள்ளுமளவு எடுத்து, கையின் எல்லாப் பக்கங்களிலும் படுமாறு, தானே உலரும் வரை தேய்த்தல் வேண்டும். ஈரக்கையில் ஊற்றினால் நீர்த்துப்போகும். பேருந்துப் பயணத்திலும், நோயாளியைக் காணச் செல்லும்போதும், நீரில்லா இடத்திலும் அது நல்ல துணை. நான் அதற்குப் பகைவியல்லேன். என் கைப்பையிலும் சிறு புட்டி ஒன்று உண்டு.

ஆனால் அது எரிசாராயத்தின் இனம் என்பதை ஒருபோதும் மறத்தலாகாது. எளிதில் தீப்பற்றும், அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தேய்த்த கை முற்றும் உலரும் முன் அடுப்பையோ விளக்கையோ ஏற்றாதீர். குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர். பொது இடங்களில் காலால் மிதித்து அழுத்தும் தாங்கிகள், குழந்தையின் கண் உயரத்தில் நீர்மத்தைப் பீய்ச்சுகின்றன. 2020 இல் பிரான்சு நாட்டில் கண்ணில் சானிடைசர் பட்டுப் பாதிப்புற்ற குழந்தைகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடப் பன்மடங்கு கூடியது. மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2021 சனவரி 31 ஆம் நாள், போலியோச் சொட்டு மருந்துக்குப் பதிலாக 12 குழந்தைகளுக்குச் சானிடைசர் புகட்டப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நல்வினையால் அவர்கள் உயிர் பிழைத்தனர். ஆந்திர மாநிலம் பிரகாசம் மாவட்டத்தின் குறிச்சேடு என்னும் ஊரில், ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்த 2020 சூலை இறுதியில், மதுவுக்குப் பதிலாகச் சானிடைசரைக் குடித்தோர் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். மெத்தனால் கலந்த போலிப் பொருளாயின் கேடு இன்னும் கொடிது. அது கண்ணொளியைப் பறித்துவிடும். திறந்த வாளியில் அளந்து விற்கப்படுவதையும், குடிநீர்ப் புட்டிகளில் மாற்றி ஊற்றி வைப்பதையும் அறவே தவிர்த்தல் நலம்.

நம் இல்லத்து மூத்தோர் சிலர் வேறோர் ஐயம் எழுப்புகின்றனர். மதுவை விலக்கும் விரதமுடையோர் ஆல்கஹால் நீர்மத்தைக் கையில் தேய்க்கலாமா? விலக்கப்பட்டது உண்ணலும் பருகலும் மயங்கலுமே. மேற்பூச்சாக மருத்துவம் கருதிப் பயன்படுத்துவது வேறு என்பது என் கருத்து. எனினும் மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்த வேண்டியதே இல்லை, வீட்டில் இருப்போருக்குச் சோப்பும் நீருமே சிறந்தவை என்று இதுகாறும் கண்டோம். சோப்பை வாங்கும்போது மட்டும், விலங்குக் கொழுப்பு சேராது தாவர எண்ணெயால் ஆனதா என்று உறையைப் பார்த்து வாங்குக. பச்சைப் புள்ளி அச்சிடப்பட்ட சோப்புகள் கிடைக்கின்றன. கதர்க் கடைகளில் விற்கும் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய்ச் சோப்புகளும் உண்டு. சாம்பலாலும் பாட்டியர் கை கழுவினர். சோப்பில்லாதபோது வெறும் நீரைவிட அது மேலாகலாம், சோப்புக்கு ஈடென்று கூறச் சான்று போதாது.

இறுதியாகப் பள்ளிகளைப் பற்றி. தமிழகத்தில் சத்துணவுத் திட்டம் 1982 முதல் நடைபெற்று வருகிறது. 2022 இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியபின், சிறு பிள்ளைகள் பலர் நாளில் இருவேளை பள்ளியிலேயே உண்கின்றனர். நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரண்டு குழாய்களுக்கு வரிசையில் நின்றால் உணவு ஆறிவிடும். சோப்புக் கட்டியை வைத்தால் நீரில் கரைந்து வீணாகிறது, அல்லது காணாமற் போகிறது. பிள்ளைகளைக் குறை கூறுமுன் காக்கையையும் கவனிக்க வேண்டும், சோப்பைக் கவ்விச் செல்வதில் அது வல்லது. தலைமையாசிரியர்கள் சானிடைசரை நாடுவது இத்தொல்லைகளால்தான் என்பதை நான் அறிவேன். இதற்கு வங்காளதேசத்தில் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. ஒன்றரை லிட்டர் நீரில் 30 கிராம் துணி சோப்புத்தூளைக் கலக்கி, பயன்படுத்தி எறிந்த குளிர்பானப் புட்டியில் நிரப்புக. மூடியில் பெரியவர் எவரேனும் சூடாக்கிய ஊசியால் இரண்டு மூன்று துளையிட்டு, புட்டியைக் குழாயருகே கயிற்றால் கட்டித் தொங்கவிடுக. அழுத்தினால் ஒரு கைக்கு வேண்டிய சோப்புநீர் வரும். காக்கை கொண்டுபோகாது; விலையும் மிகக் குறைவு. உட்கொள்ளத்தக்கதன்று என்று தெரியும்படி புட்டியின்மேல் பெரிய எழுத்தில் "சோப்பு நீர்" என்று ஒட்டுவதும், அது தீருமுன் நிரப்பும் பொறுப்பை வாரம் ஒரு வகுப்பாக மாணவர்களிடம் ஒப்படைப்பதும் நன்று. உணவு மணிக்குப் பத்து நிமிடம் முன்னரே முதல் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினால் வரிசையும் நீளாது.